ரங்கூனில் குண்டு ஏன் விழுந்தது?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பைத் தாண்டி வளவுக்குள் போனால் பர்மா தேக்குத் தூண்கள் நிற்கும். ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. வசதியான வீடாக இருந்தால் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பூப்போட்ட டைல்ஸ் பதித்திருப்பார்கள். அவற்றில் நிறைய ஜப்பானில் செய்து கப்பலில் வந்தவை. 1941 டிசம்பர் 23 அன்று, அந்த டைல்ஸ் வந்த நாட்டின் விமானங்கள் அந்தத் தேக்கு கப்பலேறிய ஊரின் மேல் குண்டு போட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்கள் அதில் அதிகம்.

எங்கள் பக்கத்தில் இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். "ஜப்பான்காரன் குண்டு போட்டான், பர்மா போச்சு." என் ஐயா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர். சின்ன வயதில் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன், ஏன் போட்டான் என்று. "சண்டை வந்துச்சு, போட்டான்" என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சண்டை ஏன் வந்தது என்று நானாகத் தேடிப் படித்தபோதுதான், நாம் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. ரங்கூனில் செட்டியார் வட்டிக்கடைகளை முடக்கிய விலைச் சரிவுதான் ஜப்பானில் ராணுவத்தின் கையையும் ஓங்கவைத்தது. இரண்டும் நடந்தது குண்டு விழுவதற்குப் பத்து வருடம் முன்னால்.

நெல்லில் போட்ட பணம்

செட்டிநாடு வானம் பார்த்த பூமி. கண்மாய் நிரம்பினால் ஒரு போகம், நிரம்பாவிட்டால் அதுவும் கிடையாது. செட்டியார்களான நகரத்தார் கடல் தாண்டியதற்கு அது ஒரு காரணம். பர்மா அவர்களை இழுத்ததற்குக் காரணம் வேறு. 1852 போரில் கீழ்ப் பர்மாவைப் பிரிட்டிஷார் பிடித்தார்கள். ஐராவதி டெல்டா அப்போது பெரும்பாலும் காடும் சதுப்பும். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது சுலபமாயிற்று. காட்டை வெட்டி நெல் போட பர்மிய விவசாயி தயாராக இருந்தார். ஆனால் முதல் அறுவடை வரும் வரைக்கும் சாப்பிட வேண்டும், மாடு வாங்க வேண்டும், ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ரங்கூனில் இருந்த வெள்ளைக்கார பாங்குகள் அரிசி ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்தன. சேற்றில் நிற்கிற விவசாயிக்குக் கொடுக்கவில்லை. அந்த இடத்துக்குத்தான் செட்டியார்கள் போனார்கள்.

முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார். ஏஜெண்டு மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏறுவார். 'கொண்டுவிக்கப் போறது' என்பது அதற்கு இங்கே பெயர். பெட்டியடிப் பையனாகப் போகிறவன் அடுத்தாளாகி, மேலாளாகி, ஒருநாள் சொந்தக் கடை போடுவான் என்பது கணக்கு. கடையில் புரண்டது முதலாளியின் சொந்த முதல் மட்டுமில்லை. பங்காளிகளும் தாயபிள்ளைகளும் போட்ட தவணைப் பணம், ஆச்சிமார்களின் சீதனப் பணம், கோயில் பணம், பற்றாததற்குப் பாங்கில் வாங்கிய கடன், எல்லாம் சேர்ந்த பணம் அது. நம்பிக்கைதான் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு. ரங்கூன் கோயிலில் கூடி அந்த மாதத்து நடப்பு வட்டி என்ன என்று முடிவு செய்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு மொகல் தெருக் கடைகள் இயங்கும்.

பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் குழு 1929-30-ல் கணக்கெடுத்தபோது பர்மாவில் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. வெளியே நின்ற பணம் சுமார் 75 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன். உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடாக பர்மா வளர்ந்ததற்குப் பின்னால் இந்தப் பணம் இருந்தது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. அதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது.

அந்தக் குழு தன் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோதே தரை நழுவத் தொடங்கியிருந்தது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் பர்மா நெல்லின் விலை பாதிக்கும் கீழே போனது. விவசாயிக்கு அசல் கட்டுவது இருக்கட்டும், வட்டி கட்டவே முடியவில்லை. கடன் திரும்பாத இடங்களில் அடமானம் வைத்த நிலம் செட்டியார் பெயருக்கு மாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் 6 சதவீதம். 1937-38-ல் அது 25 சதவீதம். கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர்.

செட்டியாருக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை. பணம்தான் வேண்டியிருந்தது. ஊரில் தவணைப் பணம் போட்டவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது, கையில் இருந்ததோ வாங்க ஆளில்லாத வயல். பர்மா நிலத்தைக் கொள்ளையடித்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த நெருக்கடியைப் பார்ப்பதில்லை. ஆனால் நம் ஆட்கள் சொல்லும் கதையில் அந்த விவசாயி இருப்பதே இல்லை. தாத்தா காடு வெட்டித் திருத்திய வயலில் பேரன் குத்தகைக்காரனாக நின்றான். அடுத்த வருடம் அந்தக் குத்தகையும் வேறு ஒருவருக்குப் போகலாம். நிலத்தின் சொந்தக்காரர் வேறு மொழி பேசுகிறவர், அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரன் கோர்ட்டு. அவனுக்குக் கோபம் வந்ததில் என்ன ஆச்சரியம்?

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலித் தொழிலாளர்களுக்கும் பர்மியர்களுக்கும் கலவரம். அதே வருடம் டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கலகம். அடக்கப்பட்டு, 1931 நவம்பரில் அவரைத் தூக்கில் போட்டார்கள். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1938-ல் மறுபடி கலவரம்.

1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறப்பு. பழைய வட்டிக்கடை முறை இனி தாங்காது என்று பார்த்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள் என்பதற்கு இது ஒரு சாட்சி. அது நடந்து ஐந்து மாதத்தில் சீனாவில் போர் மூண்டது.

பட்டும் பஞ்சும்

சரி, ஜப்பானுக்கு வருவோம். அங்கே நெல்லின் இடத்தில் பட்டுக்கூடு.

1929-ல் ஜப்பானின் ஏற்றுமதி வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கச்சாப் பட்டிலிருந்து வந்தது. அதில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது, பெண்களின் காலுறைக்கும் ஆடைக்கும். ஜப்பான் விவசாயக் குடும்பங்களில் ஐந்தில் இரண்டு பட்டுப்பூச்சி வளர்த்தன. அமெரிக்காவில் வாங்குகிறவர் கை சுருங்கியதும் பட்டு விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. அந்த நேரம் பார்த்து, 1930 ஜனவரியில், ஜப்பான் அரசு தன் பணத்தை மறுபடி தங்கத்தோடு கட்டியது. உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்துகொண்டிருந்தபோது எடுத்த அந்த முடிவு விலைகளை இன்னும் கீழே தள்ளியது. வடகிழக்கு ஜப்பானில் 1934-ல் விளைச்சலும் பொய்த்தது. பெற்றவர்களே மகள்களை விற்ற ஊர்கள் இருந்தன. ராணுவத்தின் இளம் அதிகாரிகளும் சிப்பாய்களும் இப்படிப்பட்ட கிராமங்களைத் தெரிந்தவர்கள், சிலர் அங்கிருந்தே வந்தவர்கள். டோக்கியோ அரசியல்வாதியும் பெரிய கம்பெனி முதலாளியும் சேர்ந்து நாட்டை விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு அவர்களிடம் எடுபட்டது.

1931 டிசம்பரில் நிதி அமைச்சராக வந்த தகஹாஷி கொரேகியோ தங்கக் கட்டை அவிழ்த்தார். யென் மதிப்பு இறங்கியது, ஜப்பான் சரக்கு உலகம் முழுவதும் மலிவானது. 1933-ல் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனையே முந்தியது. சென்னையிலும் மதுரையிலும் கடைகளில் ஜப்பான் துணி, ஜப்பான் பொம்மை, ஜப்பான் பீங்கான். நம் வீட்டு டைல்ஸும் அந்த அலையைச் சேர்ந்ததுதான்.

பிரிட்டன் என்ன செய்தது? 1932-ல் கனடாவின் ஒட்டாவாவில் கூடி, சாம்ராஜ்யத்துக்குள் ஒருவருக்கொருவர் வரியைக் குறைத்துக்கொண்டு வெளியாருக்கு உயர்த்துவது என்று ஏற்பாடு செய்தது. இந்தியாவுக்குள் வரும் ஜப்பான் பருத்தித் துணிக்கு வரி 1932 ஆகஸ்டில் 50 சதவீதம், 1933 ஜூனில் 75 சதவீதம். ஜப்பான் ஆலைகள் பதிலுக்கு இந்தியப் பஞ்சை வாங்க மறுத்தன. கடைசியில் 1934-ல் ஒப்பந்தம் போட்டார்கள். ஜப்பான் வருடத்துக்கு 15 லட்சம் பேல் இந்தியப் பஞ்சு வாங்கினால் 40 கோடி கஜம் துணி அனுப்பலாம், வரி 50 சதவீதம் என்று. அமெரிக்கா அதற்கு முன்பே, 1930-ல், தன் சுங்க வரியைக் கடுமையாக உயர்த்தியிருந்தது.

இந்தியா ஜப்பான் துணிக்கு வரி போட்டதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். பம்பாய், அகமதாபாத் ஆலைகள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் கதவைச் சாத்தத் தகுந்த காரணம் இருந்தது. ஆனால் டோக்கியோவில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ராணுவ அதிகாரிக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான். வியாபாரத்தை நம்பி எண்ணெய் இல்லாத, இரும்பு இல்லாத, பஞ்சு இல்லாத நாடு பிழைக்க முடியாது. பிரிட்டனுக்கு இந்தியாவும் மலேயாவும் பர்மாவும் இருக்கிறதே, நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

இந்த நினைப்பு மந்தத்துக்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மனி எப்படித் தோற்றது என்று ஜப்பான் ராணுவத்தில் கவனமாகப் படித்தார்கள். கடல் முற்றுகையில் உணவும் மூலப்பொருளும் கிடைக்காமல் போனதை முக்கியமான காரணமாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த பெரும்போருக்குள் தன்னிறைவு வேண்டும், அதற்கு முதல் படி சீனாவின் வடகிழக்கில் இருந்த மஞ்சூரியா. நிலக்கரி, இரும்பு, சோயா, குடியேற இடம். 1905-ல் ரஷ்யாவை வென்ற பிறகு தெற்கு மஞ்சூரிய ரயில்பாதை ஏற்கெனவே ஜப்பான் கையில் இருந்தது. 1931 செப்டம்பர் 18 இரவு, அந்தப் பாதையில் ஜப்பானின் குவாண்டுங் ராணுவம் தானே குண்டு வைத்துவிட்டுச் சீனர்கள் வைத்தார்கள் என்று சொல்லி மஞ்சூரியாவைப் பிடித்தது.

கேட்க ஆளில்லை

மஞ்சூரியா விவகாரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, டோக்கியோவில் இருந்த அமைச்சரவை அதைச் செய்யச் சொல்லவில்லை என்பது. செய்து முடித்த பிறகு அமைச்சரவையால் திருப்பவும் முடியவில்லை. ஜப்பானின் அரசியல் சட்டப்படி ராணுவமும் கடற்படையும் போர் விஷயத்தில் பேரரசருக்கு நேரடியாகப் பதில் சொல்பவை. பிரதமருக்குக் கட்டுப்பட்டவை இல்லை. 1936-ல் இன்னொரு விதியும் திரும்ப வந்தது. ராணுவ அமைச்சராகப் பதவியில் இருக்கிற தளபதிதான் வர முடியும். ராணுவத்துக்குப் பிடிக்காவிட்டால் அமைச்சரை விலக்கிக்கொண்டு வேறு ஆளைத் தர மறுக்கும், அமைச்சரவை கவிழும்.

அதற்கு மேல் கொலைகள். 1932 மே 15 அன்று பிரதமர் இனுகாய் சுயோஷியைக் கடற்படை இளம் அதிகாரிகள் வீடு புகுந்து சுட்டார்கள். விசாரணையின்போது மக்கள் அனுதாபம் கொன்றவர்கள் பக்கம் இருந்தது. 1936 பிப்ரவரி 26 அன்று ராணுவ இளம் அதிகாரிகள் செய்த கலகத்தில் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் தகஹாஷி, மந்தத்திலிருந்து நாட்டைத் தூக்கிவிட்ட அதே நிதி அமைச்சர். ராணுவச் செலவைக் குறைக்கப் பார்த்தார் என்பது அவர் செய்த குற்றம்.

வறுமை போரைக் கொண்டுவந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. 1936 வாக்கில் ஜப்பான் பொருளாதாரம் மீண்டுவிட்டது. பல நாடுகளைவிட முன்னாலேயே மீண்டது. பசிதான் காரணம் என்றால் அப்போது கத்தி உறைக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. மந்தம் வந்து ராணுவத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. மந்தம் போன பிறகு அந்தக் கதவை மூட ஜப்பானில் யாருக்கும் அதிகாரமும் இல்லை, உயிருக்கு உத்தரவாதமும் இல்லை.

1937 ஜூலை 7 அன்று பெய்ஜிங் பக்கத்தில் மார்கோ போலோ பாலத்தருகே நடந்த சின்ன மோதல் முழுப் போராக வளர்ந்தது. மஞ்சூரியாவைப் பிடிக்கத் திட்டம் வகுத்த இஷிவாரா கான்ஜியே இந்த முறை வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். கேட்பாரில்லை. டிசம்பரில் நான்ஜிங் விழுந்தது, அங்கே நடந்த படுகொலை வரலாற்றில் நிற்கிறது. சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் அரசு உள்நாட்டுக்குள் பின்வாங்கியதே தவிரப் பணியவில்லை. ஜப்பானின் லட்சக்கணக்கான படை சீனாவில் மாட்டிக்கொண்டது.

எண்ணெய்

தன்னிறைவு தேடிப் போன நாடு, அந்தப் போரை நடத்த முன்னைவிட அதிகமாக வெளியாரிடம் வாங்க வேண்டியதாயிற்று. லாரிக்கும் விமானத்துக்கும் கப்பலுக்கும் எண்ணெய். ஜப்பான் இறக்குமதி செய்த எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து. இரும்புக் கழிவிலும் பெரும்பகுதி அங்கிருந்துதான். சீனாவை அடிக்கிற கைக்கு அமெரிக்காதான் சோறு போட்டது. அமெரிக்க மக்களிடம் இது பற்றி எதிர்ப்பு கிளம்பியது. 1939 ஜூலையில் ஜப்பானோடு இருந்த வர்த்தக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அமெரிக்கா அறிவித்தது. 1940-ல் விமான எரிபொருளுக்கும் இரும்புக் கழிவுக்கும் தடை வந்தது.

அந்த வருடம் ஐரோப்பாவில் ஹிட்லர் பிரான்ஸையும் ஹாலந்தையும் வீழ்த்தியிருந்தார். பிரெஞ்சு இந்தோசீனா, டச்சு இந்தோனேசியா, பிரிட்டிஷ் மலேயா மூன்றும் திடீரென்று காவலில்லாத வீடு மாதிரி நின்றன. அரிசி, எண்ணெய், ரப்பர், தகரம் எல்லாம் அங்கே. 1940 செப்டம்பரில் ஜப்பான் படை வட இந்தோசீனாவுக்குள் போனது. அதே மாதம் ஜெர்மனி, இத்தாலியோடு உடன்படிக்கை. 1941 ஏப்ரலில் ரஷ்யாவோடு நடுநிலை ஒப்பந்தம். ஜூன் 22 அன்று ஹிட்லர் ரஷ்யாவின் மேல் பாய்ந்ததும், வடக்கே போவதா தெற்கே போவதா என்று டோக்கியோவில் விவாதம் நடந்தது. ஜூலையில் தென் இந்தோசீனாவுக்குள் போனார்கள். நகரத்தார் கடைகளும் கோயிலும் இருந்த சைகோன் நகரம் அப்போது ஜப்பான் படையின் தளமானது.

அமெரிக்கா ஜூலை 26 அன்று ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. பிரிட்டனும் டச்சு அரசும் சேர்ந்துகொண்டன. ஆகஸ்டிலிருந்து எண்ணெய் வரவில்லை. கடற்படைத் தலைமை போட்ட கணக்கு, கையிருப்பு இரண்டு வருடத்துக்கு, போர் நடந்தால் ஒன்றரை வருடத்துக்கு. இந்தக் கணக்குதான் போருக்கு நாள் குறித்தது. ஒவ்வொரு நாளும் தொட்டி வற்றுகிறது, சண்டை போடுவதென்றால் இப்போதே போட வேண்டும், பேச்சுவார்த்தையை இழுத்துக்கொண்டே போக முடியாது என்று ஆகிவிட்டது.

போரைத் தவிர்க்க வழி இருந்ததா? இருந்தது. அமெரிக்கா கேட்டது சீனாவிலிருந்து படையை விலக்கச் சொல்லி. நாலு வருடம், பல்லாயிரம் உயிர், அத்தனையும் வீண் என்று ஒப்புக்கொள்ள ராணுவம் தயாராக இல்லை. 1941 செப்டம்பர் 5 அன்று பேரரசர் ஹிரோஹிட்டோ ராணுவத் தலைமைத் தளபதி சுகியாமாவை நேராகக் கேட்டார். சீனாவை ஒரு மாதத்தில் முடிப்போம் என்று சொன்னீர்களே, நாலு வருடமாகியும் முடியவில்லையே? சீனா பெரிய நாடு என்றார் தளபதி. பசிபிக் கடல் அதைவிடப் பெரியது இல்லையா என்று கேட்டார் பேரரசர். இந்தப் பேச்சைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். சரியான கேள்வியைக் கேட்ட மனிதர், அடுத்த நாள் கூட்டத்தில் போருக்கான தயாரிப்பை நிறுத்தவில்லை. அக்டோபரில் பிரதமர் கொனோயே பதவி விலகினார், ராணுவ அமைச்சராக இருந்த டோஜோ பிரதமரானார். அமெரிக்காவின் எஃகு உற்பத்தி தங்களுடையதைப்போல் பத்து மடங்கு என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே இறங்கினார்கள்.

பர்மாவுக்கு ஏன்?

எண்ணெய்க்கு என்றால் இந்தோனேசியா போதும். சுமத்ராவில் பாலெம்பாங் எண்ணெய்க் கிணறுகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் தென்கிழக்கு ஆசியாவிலேயே பெரியவை. பர்மாவிலும் யெனாஞ்சாங்கில் எண்ணெய் இருந்தது, ஆனால் அதைவிட முக்கியமாக இரண்டு காரணம். மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தால் மேற்கு எல்லையைக் காக்க பர்மா வேண்டும், அது ஒன்று. இன்னொன்று ஒரு ரோடு.

கடற்கரை முழுவதும் ஜப்பான் கையில் போனதால் சியாங் கை-ஷேக்குக்கு வெளியுலகத் தொடர்பு அறுந்துகொண்டிருந்தது. மலையைக் குடைந்து, சீனத் தொழிலாளர்கள் கையாலேயே போட்ட ரோடு 1938-ல் முடிந்தது. யுன்னானின் குன்மிங்கிலிருந்து பர்மாவின் லாஷியோ வரை 1,150 கிலோமீட்டர். ஆயுதமும் பெட்ரோலும் ரங்கூன் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லாஷியோ போய், லாரியில் மலையேறிச் சீனாவுக்குப் போகும். மொகல் தெருவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நம் ஆட்களின் காதில் விழும் தூரத்தில் சீனப் போரின் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஜப்பான் மிரட்டியதால் 1940 ஜூலையில் பிரிட்டன் இந்த ரோட்டை மூன்று மாதம் மூடியது, அக்டோபரில் திறந்தது. இந்த ரோட்டை அடைக்கிற வரைக்கும் சீனப் போர் முடியாது என்று ஜப்பான் ராணுவம் நம்பியது.

அடைக்க உள்ளூரில் ஆள் வேண்டுமே. அந்த வேலைக்கு வந்தவர் கர்னல் சுஸுகி கெய்ஜி. இளம் பர்மியத் தேசியவாதிகள் 30 பேரை வெளியே கொண்டுபோய் ஹைனான் தீவில் பயிற்சி கொடுத்தார். அவர்களில் முக்கியமானவர் ஆங் சான். 1941 டிசம்பரில் பாங்காக்கில் பர்மா சுதந்திர ராணுவம் தொடங்கியது. ஜப்பான் படையோடு அது எல்லை தாண்டி வந்தபோது டெல்டா கிராமங்களில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். நிலம் போன குடும்பங்களின் பிள்ளைகள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. செட்டியார் கடன் போரைக் கொண்டுவரவில்லை. ஆனால் போர் வந்தபோது பிரிட்டிஷ் ஆட்சிக்காகவோ, அதன் நிழலில் இருந்த இந்தியர்களுக்காகவோ ஒரு கை தூக்க பர்மிய விவசாயிக்கு எந்தக் காரணமும் இல்லாமல் போனதில் அந்த 25 லட்சம் ஏக்கருக்குப் பங்கு உண்டு.

டிசம்பர் 8 அன்று மலேயாவின் கோத்தபாருவில் ஜப்பான் படை இறங்கியது, அதே வேளையில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 14 அன்று பாலெம்பாங், 15 அன்று சிங்கப்பூர், மார்ச் 8 அன்று ரங்கூன். முதல் குண்டுக்கும் ரங்கூன் விழுந்ததற்கும் நடுவே 75 நாள். பணம் இருந்தவர்களில் பலர் ஜனவரி, பிப்ரவரியில் கப்பலிலோ விமானத்திலோ கிளம்பிவிட்டார்கள். அது கிடைக்காதவர்கள், கூலித் தொழிலாளர்கள், சின்னக் கடைக்காரர்கள், கடைப் பையன்கள், அரக்கான் வழியாகவும் தாமு வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தார்கள். நடந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம்.

ஜப்பானுக்கு எண்ணெய் கிடைத்தது, அரிசி கிடைத்தது, ரப்பர் கிடைத்தது. கொண்டுபோகக் கப்பல்தான் இல்லாமல் போனது. அமெரிக்க நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. போருக்கு முன் வருடத்துக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி அனுப்பிய பர்மாவில் வாங்க ஆளில்லாமல் சாகுபடிப் பரப்பு ஏறக்குறைய பாதியானது. அந்த அரிசியில் ஏறக்குறைய பாதி முன்பு இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. 1943-ல் வங்காளத்தில் இருபது, முப்பது லட்சம் பேர் பஞ்சத்திலும் நோயிலும் செத்ததற்கு இருந்த பல காரணங்களில் ரங்கூன் அரிசி நின்றதும் ஒன்று. செட்டிநாட்டிலும் ரங்கூன் அரிசி தின்று பழகிய வீடுகள் ரேஷனுக்கு நின்றன.

போர் முடிந்து சிலர் திரும்பிப் போனார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் போட்டது. 1960-களில் மீதியிருந்த கடைகளும் போயின. அப்போது வந்தவர்கள் பெயரில்தான் காரைக்குடியில் பர்மா காலனி இருக்கிறது.

எங்கள் உறவில் ஒரு வீட்டில் பர்மாக் கணக்குகள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. போன வருடம் திறந்து பார்த்தோம். கடைசிப் பேரேடு விஷு வருஷம் மார்கழியில், குண்டு விழுந்த மாதத்தில், நிற்கிறது. எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் போட்டோ எடுத்தார்கள். நான் அதற்கு அடியில் இருந்த பிரசோற்பத்தி வருஷத்துப் பேரேட்டை எடுத்துப் பார்த்தேன், 1931-32. ஆரம்பப் பக்கங்களில் ஆட்களின் பெயருக்கு நேரே வட்டி வரவு வரிசையாக இருக்கிறது. ஆவணிக்கு மேல் வரவுகள் குறைகின்றன. தையிலிருந்து அதே பெயர்களுக்கு நேரே வேறு பதிவு வருகிறது, நெல் வயல் எழுதி வாங்கியது, இத்தனை ஏக்கர் என்று. பங்குனிக் கடைசியில் பக்கம் முழுவதும் அதுதான்.